பட்டை உரிக்கும் சாம்பல் அணில்: துப்பாக்கியா, பொறியா?

இங்கிலாந்தில் கென்ட் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பழைய பெரிய வீடு ஒன்றைச் சுற்றியுள்ள 8 ஹெக்டேர் பூங்காநிலத்தைப் பராமரிப்பது அவர் வேலை. 15 வருடத்துக்கு முன் நட்ட ஓக், பீச், ஹார்ன்பீம் மரங்களின் பட்டையைச் சாம்பல் அணில்கள் உரித்துத் தள்ளுகின்றன. நிலத்தின் நடுவே பொதுப்பாதை, அதில் நாயோடு நடக்க ஆட்கள் வருவார்கள். சுடுவதா, பொறி வைப்பதா, எந்த மாதத்தில் செய்வது என்கிறார். கூடவே, "ஊரில் அணிலைப் பார்த்து வளர்ந்தவன், கொல்ல மனசு வரவில்லை" என்றும் எழுதியிருக்கிறார்.

அந்த மனசு சரியானதுதான், அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் ராமர் முதுகில் தடவிக் கோடு போட்டதாகச் சொல்வோமே, அந்த அணில் வேறு. இது வட அமெரிக்காவிலிருந்து வந்தது. இங்கே விடப்பட்டதற்கான முதல் பதிவு 1876-ல், செஷயரில் உள்ள ஹென்பரி பார்க்கில். அப்புறம் பெட்ஃபர்ட் டியூக்கின் வோபர்ன் எஸ்டேட்டில் பெருகி, அங்கிருந்து பல பூங்காக்களுக்குப் பரிசாகப் போனது. இந்த மண்ணின் செவ்வணிலைக் கொல்லும் ஒருவகை அம்மை வைரஸ் இதன் உடம்பில் இருக்கும், இதை ஒன்றும் செய்யாது. உங்கள் கென்ட்டில் செவ்வணில் இப்போது இல்லை, அதனால் தவறி அதைச் சுட்டுவிடுவோமோ என்ற கவலை உங்களுக்கு வேண்டாம்.

சரி, முதலில் காலம். பெரும்பாலானவர்கள் தவறு செய்வது இங்கேதான். இலையுதிர் காலத்தில் அணில் நிறையக் கண்ணில் படும், உடனே பொறி வைத்து 30, 40 என்று பிடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் செய்தேன், வசந்தம் வருவதற்குள் பக்கத்துக் காட்டிலிருந்து புதிய அணில்கள் வந்து குடியேறிவிட்டன, ஜூன் மாதம் பீச் மரங்கள் பழையபடி உரிந்து நின்றன. பட்டை உரிப்பது ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை, மரத்தில் சாறு வேகமாக ஓடி பட்டை எளிதில் கழன்று வரும் நாட்களில்தான். ஏறக்குறைய 10 முதல் 40 வயது வரையுள்ள, நன்றாக வளரும், பட்டை மெல்லிய மரங்களைத்தான் அதிகம் தேடிப் போகும். ஏன் உரிக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்கே ஒத்த கருத்து இல்லை, கால்சியம் தேடுகிறது என்று ஒரு தரப்பு சொல்கிறது. எப்படியிருந்தாலும், வருடத்தில் எத்தனை கொன்றீர்கள் என்பது கணக்கே இல்லை. மே, ஜூனில் உங்கள் மரங்களுக்கிடையே எத்தனை மிச்சம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. மார்ச் கடைசியில் ஆட்களையும் பொறிகளையும் தயார் செய்து, ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை விடாமல் செய்யுங்கள்.

பொதுப்பாதை இருக்கும் நிலத்தில் பெரும்பகுதி வேலையைக் கூண்டுப் பொறியிடம் விடுவதே நல்லது. உயிரோடு பிடிக்கும் கம்பிக்கூண்டு, ஹெக்டேருக்கு ஒன்று என்று தொடங்கினால் உங்களுக்கு எட்டு போதும். பாதையிலிருந்து தெரியாத இடமாக, பெரிய மரத்தின் அடியில், நிழலில், ஆடாமல் வையுங்கள். இரை முழு மக்காச்சோளம். வேர்க்கடலையும் இழுக்கும், ஆனால் மக்காச்சோளத்தின் முளையை மட்டும் கடித்துவிட்டு மீதியைப் போட்டிருந்தால் வந்தது அணில் என்று பார்த்ததுமே தெரியும். கதவைத் திறந்த நிலையில் கட்டிவைத்து ஐந்தாறு நாள் சும்மா தின்னவிடுங்கள். இந்தப் பொறுமை இல்லாதவர்கள்தான் "பொறியில் விழவே மாட்டேன் என்கிறது" என்று புலம்புவார்கள். தின்னப் பழகியபின் அணில் உள்ளே வந்ததும் கதவு மூடும்படி அமைத்துவிட்டு, காலையும் மாலையும் போய்ப் பாருங்கள். போக முடியாத நாளில் கதவை மறுபடி கட்டிவிடுங்கள். முள்ளெலியோ பறவையோ மாட்டியிருந்தால் அங்கேயே திறந்துவிடலாம்.

மாட்டியது சாம்பல் அணில் என்றால் அதைத் திறந்துவிடக் கூடாது, காரில் ஏற்றிக்கொண்டுபோய் வேறு காட்டில் விடவும் கூடாது, இரண்டுமே சட்டப்படி குற்றம். நீரில் அமுக்குவதும் குற்றம், அது கொடுமையும்கூட. சரியான வழி இரண்டு: கூண்டுக்குள்ளேயே ஏர் ரைஃபிளால் (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) மிக அருகிலிருந்து தலையில் ஒரே குண்டு, அல்லது சாக்குப்பைக்குள் ஓடவிட்டு, மூலையில் அசையாமல் பிடித்து, தலையில் கனமான கட்டையால் ஒரே அடி. இரண்டாவதை யாராவது அனுபவசாலியுடன் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளாமல் தயவுசெய்து செய்யாதீர்கள். தயங்கி அடிக்கும் கை அந்தப் பிராணியை வதைக்கும்.

சுடுவது என்றால் உங்கள் இடத்துக்கு ஏர் ரைஃபிள்தான், சிறு குண்டுகளைச் சிதறவிடும் ஷாட்கன் வேண்டாம். அதன் சத்தமே நடக்க வருபவர்களைப் பதறவைக்கும், அதற்குச் சான்றிதழும் வேண்டும். இங்கிலாந்தில் குண்டின் ஆற்றல் 12 அடி-பவுண்டுக்கு மேற்படாத ஏர் ரைஃபிளுக்குப் பெரியவர்களுக்கு லைசன்ஸ் தேவையில்லை. ஸ்காட்லாந்தில் தேவை. அணிலைத் துரத்திக்கொண்டு மரம் மரமாக அலையாதீர்கள், தண்டுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி ஒளிந்து உங்கள் நாளைத் தின்றுவிடும். பாதையிலிருந்து தள்ளி, பின்னால் மண்மேடு உள்ள ஒரு இடத்தில் தீனிப்பெட்டி ஒன்றை ஆள் நெஞ்சுயரத்தில் மாட்டி, 20, 25 மீட்டரில் மறைவிடம் அமைத்து உட்காருங்கள். தூரம் மாறாது, குண்டு போகும் திசை மாறாது, விடியற்காலை இரண்டு மணி நேரத்தில் நாய்க்காரர்கள் வருவதற்கு முன் வேலை முடிந்துவிடும். தலைக்கு மட்டும் குறி, உறுதியில்லை என்றால் விட்டுவிடுங்கள். குண்டு உங்கள் எல்லையைத் தாண்டினால் அதுவே குற்றம். நில உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்கிப் பையில் வைத்திருங்கள், துப்பாக்கியோடு ஆள் நிற்கிறார் என்று யாராவது போலீஸுக்குப் போன் செய்தால் அந்தத் தாள்தான் உதவும்.

குளிர்காலத்தில் நீண்ட கம்பால் கூட்டைக் கலைத்து, வெளியே ஓடுவதைச் சுடும் முறையும் உண்டு. நான்கைந்து பேரும் ஷாட்கன்னும் வேண்டும் என்பதால் அது உங்களுக்குச் சரிவராது. கூட்டுக்குள் கண்மூடித்தனமாகச் சுடுவது எங்குமே வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒரே அடியில் கொல்லும் ஸ்பிரிங் பொறிகளில் அரசு அங்கீகரித்த வகைகளை மட்டுமே வைக்கலாம், ஆனால் நாயும் குழந்தையும் நடமாடும் பூங்காவில் நான் வைக்க மாட்டேன். விஷம் பற்றிக் கடையில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள்: முன்பு வார்ஃபரின் என்ற எலிவிஷம் அனுமதிக்கப்பட்டிருந்தது, 2015-க்குப் பிறகு அதுவும் இல்லை.

பக்கத்து நிலக்காரரிடம் இப்போதே பேசுங்கள். வேல்ஸில் உள்ள ஆங்கிள்சி தீவில் சாம்பல் அணிலை ஒழிக்க 1998-ல் தொடங்கிய வேலை வெற்றி பெற்றதற்குக் காரணம், தீவு முழுக்கச் சேர்ந்து செய்ததும், சுற்றிக் கடல் இருந்ததும். உங்களுக்குக் கடல் இல்லை, ஆகவே வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவரும் அதே ஏப்ரலில் பொறி வைத்தால்தான் வரத்து குறையும். அப்புறம், செப்டம்பர், அக்டோபரில் ஓக் காயும் பீச் காயும் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். தரை மூடக் கொட்டியிருந்தால் குளிர்காலத்தில் அதிகம் பிழைத்து, நிறையக் குட்டி போட்டு, அடுத்த கோடையில் தொல்லை இரட்டிப்பாகும், அந்த வருடம் எட்டுக் கூண்டை பன்னிரண்டாக்குங்கள். இந்த ஜூலைக் கடைசியில் ஒவ்வொரு மரத்தையும் அடியிலும் உச்சியிலும் பார்த்து, புதுக் காயம் உள்ளதில் பெயின்ட் வைத்து எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஜூலையில் அதே மரங்களை எண்ணிவிட்டு எனக்கு எழுதுங்கள், எங்கே கூண்டு கூட்டுவது என்று சேர்ந்து பார்ப்போம்.