கணவன் அருகை விட்டு நகராதபோது தாதி என்ன செய்யலாம்?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஓர் ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் தாதிய உத்தியோகத்தராகப் பணிபுரிகிறேன். அண்மையில் முகம் வீங்கி, கையில் கண்டல் காயத்தோடு ஒரு பெண் வந்தார். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். கணவன் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றுக்கும் தானே பதில் சொன்னார். மருந்து கட்டி அனுப்பிவிட்டோம். இப்படியான இடத்தில் வீட்டில் அடி நடந்ததா என்று நாங்கள் கேட்கலாமா? கேட்டால் குடும்ப விடயத்தில் தலையிட்டதாகாதா? இதற்கென்று எங்களுக்குப் பயிற்சியும் தரவில்லை.

பதில்: கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் கணவனின் காதில் விழும்படி ஒருபோதும் கேட்கக் கூடாது. நீங்கள் அன்று அவர் முன்னிலையில் கேட்காமல் விட்டது சரி. அந்தப் பெண்ணைத் தனியாகச் சந்திக்க ஒரு வழி முன்கூட்டியே உங்கள் பிரிவில் இல்லாமற் போனதுதான் குறை, அது உங்கள் ஒருவருடைய குறையும் அல்ல.

பயிற்சியைப் பற்றிச் சொல்கிறேன். துணைவரின் வன்முறைக்கு உள்ளானவர்களைக் கையாள மருத்துவர்கள் எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறார்கள் என்று அளக்க 2006இல் அமெரிக்காவில் ஒரு வினாக்கொத்து வெளியானது. பல நாடுகளில் தாதியரிடமும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அது அறிவை மட்டும் சோதிப்பதில்லை. உங்கள் மனத்திலுள்ள எண்ணம் என்ன, வேலைத்தலத்தில் எழுதப்பட்ட நடைமுறை உண்டா, எங்கே அனுப்புவது என்று தெரியுமா என்பவற்றையும் கேட்கிறது. எனக்கு இந்தப் பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. பயிற்சிப் பட்டறையில் சான்றிதழ் வாங்கியவர் மறுநாள் திரைச்சீலைகூட இல்லாத அதே மேசைக்குத் திரும்பினால் கற்றதை எங்கே வைத்துச் செய்வார்?

இலங்கையில் 2019இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, துணைவரோடு வாழ்ந்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அவரிடமிருந்து உடல் ரீதியான அல்லது பாலியல் வன்முறையை வாழ்நாளில் அனுபவித்திருக்கிறார். உங்கள் காலை வரிசையிலும் அப்படிப் பலர் நிற்கிறார்கள். அதற்காக, வருகிற எல்லோரிடமும் கேட்கச் சொல்லி உலக சுகாதார அமைப்பு கூறவில்லை. 2013இல் அது வெளியிட்ட வழிகாட்டல், அறிகுறி இருப்பவரிடம் கேட்கச் சொல்கிறது. சொல்லும் கதைக்குப் பொருந்தாத காயம், காரணம் பிடிபடாத தீராத வயிற்றுவலி, தன் உயிருக்குத் தானே ஊறு செய்துகொண்ட வரலாறு, நோயாளியைப் பேசவிடாத துணைவர் எல்லாம் அறிகுறிகளே. வழுக்கி விழுபவருக்குப் பெரும்பாலும் உள்ளங்கை, முழங்கை, முழங்கால் போன்ற துருத்திய இடங்களில் அடிபடும். மேற்கையின் உட்புறம், முதுகு, காதின் பின்புறம் கண்டியிருந்தால் கிணற்றடியைச் சந்தேகியுங்கள். கண்டலின் நிறத்தைப் பார்த்து எத்தனை நாள் பழையது என்று மட்டும் அறுதியிட்டு எழுத வேண்டாம். அது நம்பத்தகுந்த அளவுகோல் அல்ல.

தனிமைப்படுத்துவதற்குச் சண்டை தேவையில்லை. எக்ஸ்ரே அறைக்குள் உறவினர் வரக் கூடாது, சிறுநீர்ப் பரிசோதனைக்குப் பெண் தாதிதான் கூட்டிச் செல்வார் என்ற விதிகள் எல்லா நோயாளிக்கும் பொதுவாக இருந்துவிட்டால் எந்தக் கணவனும் ஐயப்பட மாட்டான். தெற்கிலிருந்து வந்த, தமிழ் தெரியாத வைத்தியர் கடமையில் இருக்கும் நாட்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது: கணவனே மொழிபெயர்ப்பாளராகிவிடுவார். பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது அதைவிடக் கொடுமை. அந்த வேலையை ஒரு பணியாளர் செய்யட்டும்.

தனியே கிடைத்ததும் சுற்றி வளைக்காதீர்கள். "இப்படியான காயத்தோடு வருகிறவர்களிடம் நாங்கள் வழக்கமாகக் கேட்பதுதான், அம்மா. வீட்டில் யாராவது உங்களை அடித்தார்களா?" இவ்வளவு போதும். இல்லை என்றால் வற்புறுத்தக் கூடாது. எப்போதாவது தேவைப்பட்டால் வரலாம் என்று சொல்லி விடுங்கள். ஆம் என்றால் முதலில் கேளுங்கள், நம்புங்கள், "இது உங்கள் பிழை அல்ல" என்று சொல்லுங்கள். ஏன் இவ்வளவு நாளும் பொறுத்தீர்கள் என்ற கேள்வியை விழுங்கிவிடுங்கள்.

நம்மவர்களின் பெரிய பலவீனம் அறியாமை அல்ல, சமாதானம் செய்து வைக்கும் ஆசை என்பேன். பிள்ளைகளின் முகத்துக்காகப் பொறுத்துப் போ, வெறியில் அடித்திருப்பார் என்று மூத்த தாதி ஒருவர் அன்போடு சொல்லும் வார்த்தை, அந்தப் பெண் அடுத்த தடவை வைத்தியசாலைக்கு வருவதையே நிறுத்திவிடக் கூடும். கணவனைக் கூப்பிட்டுப் புத்தி சொல்வதும் கூடாது. அவள் வாய் திறந்தாள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும், அதற்கான கூலி வீட்டில் கிடைக்கும்.

இரகசியம் காப்பது யாழ்ப்பாணத்தில் தனிப் பாடம். நோயாளர் விடுதியில் நிற்கும் சிற்றூழியர் கணவனின் ஒன்றுவிட்ட தங்கையாக இருப்பார், மருந்தகத்தில் நிற்பவர் அதே கோயில் திருவிழாக்காரர். அந்தப் பெண்ணுக்கு உங்களையே தெரிந்திருக்கலாம். அப்படியானால் வேறொருவரோடு கதைக்க விருப்பமா என்று அவரிடம் கேளுங்கள். கிளினிக் கொப்பியும், வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டும்போது கொடுக்கும் அட்டையும் வீட்டுக்குப் போகின்றன என்பதையும் மறக்க வேண்டாம். அவற்றில் வன்முறை என்ற சொல்லே வரக் கூடாது. மீண்டும் வரவழைக்க "காயத்துக்கு மருந்து கட்ட" என்று திகதி போடுங்கள்.

வைத்தியசாலையில் இருக்கும் பதிவேட்டில் நேர்மாறாக, முழுவதையும் எழுதுங்கள். "குடும்பப் பிரச்சினை" என்று எழுதுவது எதையும் எழுதாததற்குச் சமம். யார், எதைக்கொண்டு, எப்போது அடித்தார் என்பதை அந்தப் பெண்ணின் சொற்களிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதி, ஒவ்வொரு காயத்தின் இடத்தையும் அளவையும் குறியுங்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையோடு உங்கள் குறிப்பும் பேசும். சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தைக் கொடுப்பது பொலிஸ். பரிசோதனைக்கு அந்தப் பெண்ணின் சம்மதம் வேண்டும்.

கழுத்தை நெரித்தாரா என்று தனியாகக் கேளுங்கள். வெளியே அடையாளம் எதுவும் இல்லாமலே உள்ளே ஆபத்து இருக்கலாம். குரல் கம்மல், விழுங்கச் சிரமம், கண்ணில் இரத்தப் புள்ளி, நினைவு தப்பியது என்று ஏதாவது இருந்தால் வீட்டுக்கு அனுப்பாமல் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். ஒருமுறை கழுத்தை நெரித்த கணவனால் பின்னர் கொல்லப்படும் அபாயம் பல மடங்கு கூடுதல். பாலியல் பலாத்காரம் நடந்திருந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசர கருத்தடைக்கு 120 மணி நேரம் வரை இடமுண்டு.

அனுப்புவதற்கு இடங்கள் உண்டு. வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவும் சுகாதார அமைச்சின் 'நட்பு நிலையம்' யாழ் போதனா வைத்தியசாலை உட்படப் பல அரச வைத்தியசாலைகளில் இயங்குகிறது, அங்கே போகப் பொலிஸ் முறைப்பாடு தேவையில்லை. பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அடிப்பவரை மேலும் வன்முறை செய்யாமல் தடுக்கும் பாதுகாப்புக் கட்டளையை நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, பின்னர் 12 மாதங்கள் வரையான கட்டளை. விவாகரத்துக் கேட்டால்தான் இது கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. அடிக்கு மட்டுமல்ல, கடுமையான மன உளைச்சல் தரும் நடத்தைக்கும் இச்சட்டம் பொருந்தும்.

இவ்வளவும் செய்த பிறகும் அந்தப் பெண் வீட்டுக்கே போகலாம். பெரும்பாலும் போவார். காணி சீதனமாக எழுதப்பட்டிருக்கும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில், கையில் வருமானம் இல்லை. அவர் போவதை உங்கள் தோல்வியாக எடுக்க வேண்டாம். இன்றிரவு வீட்டில் பயமில்லாமல் இருக்க முடியுமா, அவசரமென்றால் ஓடிப்போக யார் வீடு, அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டு அனுப்புங்கள். அவர் மூன்றாம் தடவையும் அதே கிணற்றடிக் கதையோடு வந்தால், சலிக்காமல் காயத்தை மறுபடியும் அளந்து புதிய திகதியில் எழுதுங்கள்.