துவைப்பதும் பிழிவதும் சேர்ந்தே மந்தமானால் கியர்பாக்ஸைக் கடைசியாகச் சந்தேகியுங்கள்

நீங்கள் கேட்டது இதுதான்: 6.5 கிலோ ஃபுல்லி ஆட்டோமேட்டிக் டாப் லோடு மெஷின், வாங்கி ஏழு வருடம் ஆகிறது. துவைக்கும்போது துணி புரளவே மாட்டேன் என்கிறது. ஸ்பின் முடிந்து எடுத்தால் சொட்டச் சொட்ட வருகிறது. வந்த மெக்கானிக் மேலே மூடியைத் திறந்து பார்த்துவிட்டு "கியர்பாக்ஸ் போச்சு சார்" என்கிறார். மாற்றுவதா, புதுசு வாங்குவதா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். மெஷினைச் சாய்த்து அடிப்பக்கம் பார்க்காமல் கியர்பாக்ஸ் என்று சொன்னதுதான் எனக்கு இடிக்கிறது. நான் சர்வீஸ் ஆள் இல்லை. சொந்தபந்தத்தில் மிக்ஸியோ தண்ணீர் மோட்டாரோ வாஷிங் மெஷினோ நின்றுபோனால் முதலில் எனக்குப் போன் வரும், அவ்வளவுதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இந்த வகை மெஷின்கள் பெரும்பாலானவற்றில் துவைக்கவும் பிழியவும் மோட்டார் ஒன்றுதான். அது பெல்ட் வழியாகக் கீழே இருக்கும் பெரிய புல்லியை, அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்தை, சுற்றுகிறது. துவைக்கும்போது அந்தச் சுழற்சி கியர்பாக்ஸ் வழியாகப் பல்சேட்டருக்கு (அடியில் சுழன்று துணியைப் புரட்டும் தட்டு) மட்டும் போகும், துணி போடும் டப் நிற்கும். ஸ்பின்னுக்கு வரும்போது டிரெயின் மோட்டார் என்ற இன்னொரு சின்ன மோட்டார் ஒரு லீவரை இழுக்கும். அந்த ஒரே இழுப்பில் தண்ணீர் போகும் வால்வு திறக்கும், பிரேக் விடும், டப்பையும் சேர்த்துச் சுற்றவைக்கும் கிளட்ச் பிடிக்கும். பிறகு டப்பும் பல்சேட்டரும் ஒன்றாக, நிமிடத்துக்கு 700 சுற்று வாக்கில் ஓடும். ஆகவே இரண்டு வேலையும் ஒரே சமயத்தில் மந்தமாகியிருந்தால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் முதலில் தேட வேண்டும்: கரண்ட், கண்டன்சர் (மோட்டார் கிளம்பவும் இழுக்கவும் உதவும் மின்பாகம்), பெல்ட், மோட்டார். துவைப்பது மட்டும் மோசம் என்றால் பல்சேட்டர் பக்கம். ஸ்பின் மட்டும் மோசம் என்றால் டிரெயின், கிளட்ச், பிரேக் பக்கம்.

கரண்டில் ஆரம்பியுங்கள், செலவில்லாத சோதனை. இப்படிப்பட்ட மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் மோட்டாருக்கு 60 சதவீதம் சொச்சம்தான் பலம் இருக்கும். தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் சாயங்காலத்தில் துவைக்கிறீர்களா? ஒரு நாள் விடியற்காலையில் போட்டுப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருந்தால் அதை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் கொடுங்கள். பிளக் தொட்டால் சுடுகிறது என்றால் சாக்கெட்டில் காண்டாக்ட் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய விஷயம் அது.

கூடவே, துணியே போடாமல் தண்ணீர் மட்டும் நிரப்பி 'வாஷ்' ஓடவிட்டு மூடி வழியாகப் பாருங்கள். வெறும் தண்ணீரில் பல்சேட்டர் இரண்டு பக்கமும் சமமாக, பலமாகத் திரும்பினால் பெரும்பாலும் மெஷின் மேல் தப்பு இல்லை, நீங்கள் திணிக்கும் துணிதான் அதிகம். 6.5 கிலோ என்பது காய்ந்த துணியின் எடை. இன்னொன்று, ஊறவைத்த ஈரத்துணியைப் போட்டுவிட்டுத் தண்ணீர் அளவை மெஷினே முடிவு செய்யட்டும் என்று விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மெஷின் காய்ந்த துணியில் பல்சேட்டரை அசைத்துப் பார்த்துத்தான் எடையைக் கணிக்கிறது. ஈரத்தில் அந்தக் கணக்கு தவறும். அப்போது தண்ணீர் அளவை நீங்களே வைத்துவிடுங்கள்.

வெறும் தண்ணீரிலும் திணறுகிறதா? காதைக் கொடுத்துக் கேளுங்கள். 'ம்ம்ம்' என்று முனகல் வருகிறது, பல்சேட்டர் தயங்கித் தயங்கித் திரும்புகிறது, கொஞ்ச நேரத்தில் நின்று, ஆறின பிறகு மறுபடி ஓடுகிறது என்றால் என் முதல் சந்தேகம் கண்டன்சர் மேல்தான். வருடம் ஆக ஆக அதன் கொள்ளளவு தேயும், மோட்டாரின் இழுவையும் கூடவே தேயும். முற்றாகச் செத்தால் மோட்டார் கிளம்பவே கிளம்பாது; பாதி செத்தால் உங்கள் வீட்டுக் கதைதான் நடக்கும். பிளக்கைப் பிடுங்கி, கண்டன்சரின் இரண்டு முனையையும் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சில விநாடி இணைத்து அதில் தங்கிய மின்சாரத்தை இறக்கிய பிறகே தொட வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் 'பட்'டென்று தீப்பொறி பறக்க ஷார்ட் செய்வதைப் பலர் வித்தையாகச் செய்கிறார்கள், நீங்கள் செய்யாதீர்கள். மேலே 10 மைக்ரோஃபாரட், ±5 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால் மல்டிமீட்டரில் 9.5-இலிருந்து 10.5-க்குள் காட்ட வேண்டும். ஏழு, எட்டு என்று காட்டினால் மாற்றுங்கள். சில நூறு ரூபாய்ச் சாமான். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல். சீலிங் ஃபேன் கண்டன்சர் 2.5, 3.15 என்று இருக்கும், இதற்கு உதவாது. மீட்டர் பழக்கம் இல்லையென்றால் இந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

முனகல் இல்லை, மோட்டார் சுகமாக ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனால் துணி மட்டும் அசையவில்லை என்றால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். கீச்சென்ற சத்தம், ரப்பர் கருகிய வாடை, மெஷின் அடியில் தரையில் கறுப்புத் தூள் எல்லாம் அதன் அடையாளம். என் அக்கா வீட்டு மெஷினுக்கும் இதே கியர்பாக்ஸ் தீர்ப்புதான் வந்தது. சாய்த்துப் பார்த்தால் பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருந்தது, ஓரத்தை எலி வேறு கடித்திருந்தது. புது பெல்ட் போட்டு, மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, மோட்டாரைக் கொஞ்சம் வெளியே தள்ளி இறுக்கியதும் சரியாகிவிட்டது. நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் வாக்கில் அமுங்கலாம், தொளதொளவென்று இருக்கக் கூடாது. ரொம்ப இறுக்கினாலும் ஆபத்துதான், பேரிங் சீக்கிரம் போகும். மெஷின் அடியில் எலி புகாமல் தடுக்கும் வலை போடாத வீடாக இருந்தால் அந்தக் கையோடு போட்டுவிடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்து, துவைப்பது மட்டும் மந்தம் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பல்சேட்டரைக் கையால் திருப்பிப் பாருங்கள். எந்தத் தடையும் இல்லாமல் தனியாகச் சுழன்றால், நடு ஸ்க்ரூ தளர்ந்திருக்கும் அல்லது உள்ளே தண்டைக் கவ்வும் பிளாஸ்டிக் பல் மழுங்கியிருக்கும். பல்சேட்டரை மட்டும் மாற்றினால் போதும். யூடியூபில் தேடினால் நடுவில் உயரமாகத் தூண் நிற்கும் அமெரிக்க மெஷின்கள்தான் நிறைய வருகின்றன. அதன் உள்ளமைப்பே வேறு, அதைப் பார்த்து இதைப் பிரிக்காதீர்கள்.

ஸ்பின் மட்டும் மோசம் என்றால் தண்ணீர் முழுதும் வெளியேறுகிறதா என்று பாருங்கள். டிரெயின் ஹோஸ் மடங்கியிருந்தாலோ, நுனி உயரத்தில் இருந்தாலோ, வால்வில் காசு, ஹேர்பின், குழந்தையின் சாக்ஸ் என்று எதாவது சிக்கியிருந்தாலோ உள்ளே தங்கும் தண்ணீரைச் சுமந்துகொண்டு டப் வேகம் எடுக்காது. சோப்புத்தூளை அள்ளிக் கொட்டினால் நுரையும் அதே வேலையைச் செய்யும். தண்ணீர் ஒழுங்காகப் போயும் வேகம் இல்லை என்றால், பிளக் பிடுங்கிய நிலையில் டிரெயின் மோட்டார் இழுக்கும் அந்த லீவரைக் கையால் இழுத்துப் பிடித்து டப்பைச் சுற்றுங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். உரசினால் பிரேக்கோ பேரிங்கோ. லேசாகச் சுற்றுகிறது, ஆனால் ஓடும்போது டிரெயின் மோட்டார் லீவரைப் பாதிதான் இழுக்கிறது என்றால் டிரெயின் மோட்டாரை மட்டும் மாற்றுங்கள்.

கியர்பாக்ஸே போகாது என்று நான் சொல்லவில்லை. பெல்ட் இறுக்கமாக இருந்து, புல்லி ஒழுங்காகச் சுற்றி, பல்சேட்டரின் பல்லும் நன்றாக இருந்து, அப்போதும் பல்சேட்டர் நழுவுகிறதா? துவைக்கும்போது டப்பும் கூடவே சுற்றுகிறதா? கரகரவென்று அரைக்கும் சத்தம், கீழே எண்ணெய்க் கசிவு, துணியில் எண்ணெய்க் கறை? இவை இருந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னது அநேகமாகச் சரி. அந்தச் செலவு புது மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், டப்பும் பாடியும் துருப்பிடித்திருந்தால், நான் என்றால் மாற்ற மாட்டேன்.

செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதில் துவைக்க ஒரு மோட்டார், பிழிய ஒரு மோட்டார். இரண்டும் ஒரே நாளில் சோர்ந்துபோனால் அநேகமாக வோல்டேஜ்தான்.

மெக்கானிக்கை மறுபடி கூப்பிடும்போது "கியர்பாக்ஸ் மாற்றணுமா" என்று கேட்காதீர்கள். "அண்ணே, கண்டன்சரை மீட்டர்ல பாத்துட்டு, மெஷினைச் சாய்ச்சு பெல்ட்டையும் பாத்துச் சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்று சொல்லுங்கள். அதற்கு அவர் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். எதை மாற்றினாலும் பழைய பாகத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.