பொரிக்க வேண்டிய பெரிய மீன்

தம்பி, லண்டனில் நீங்கள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் பணிநேரத்தை மாற்றித் தருமாறு கேட்டபோது, மேற்பார்வையாளர் "ஐ ஹேவ் பிக்கர் ஃபிஷ் டு ஃப்ரை" என்று சொல்லிவிட்டுப் போனதாகவும், அது உங்களை இகழ்ந்த பேச்சா என்றும் கேட்டிருந்தீர்கள். இகழ்ச்சி இல்லை. அதைவிட அவசரமான அலுவல் தனக்கு இருக்கிறது என்பதே அதன் பொருள்.

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தருகே நிலாக்காலத்தில் தோணியிலிருந்து துடுப்பை வாவிக்குள் விட்டு, அதன் மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்கும் ஊர் நம்முடையது. மீன் என்றவுடன் நமக்கு மீன்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலப் பேச்சில் பல இடங்களில் அது மீனே அல்ல என்பதை நான் நட்டப்பட்டுத்தான் அறிந்தேன்.

வந்த புதிதில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தேன். ஒருநாள் பொறுப்பாளர் என் வேலைநேரத் தாளைப் பார்த்தபடி "சம்திங் ஃபிஷி ஹியர்" என்றார். முதல்நாள் இரவு மீன் ஆணம் காய்ச்சியிருந்தேன். உடுப்பில் வாடை அடிக்கிறது என்று எண்ணிக் கூசிப்போய், உடனே "சொறி" என்றேன். இதில் ஏதோ கள்ளம் இருக்கிறது என்பதைத்தான் அவர் சொன்னார். என் மன்னிப்பை அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டதால் இரண்டு நாள் சம்பளம் நிறுத்தப்பட்டது. வாயிற் பதிவேட்டைக் காட்டி அதை மீட்க மூன்று வாரம் சென்றது. ஆகவே, விளங்காத பேச்சுக்கு ஒருபோதும் முதலில் மன்னிப்புக் கேட்காதீர்கள், "வாட் டூ யூ மீன்?" என்று அமைதியாகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதை இங்கே யாரும் மரியாதைக் குறைவாக எடுப்பதில்லை.

"ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்" என்பது நமக்கு எளிதாகப் புரிவதுபோல் தோன்றும். ஆனால் தரையில் போட்ட மீன் என்று நாம் சொன்னால் உயிர்த் துடிப்பைச் சொல்கிறோம். அவர்கள் பழகாத இடத்தில் ஒருவர் படும் சங்கடத்தை மட்டுமே சொல்கிறார்கள். "டிஃபரண்ட் கெட்டில் ஆஃப் ஃபிஷ்" என்றால் முற்றிலும் வேறு விடயம். "ரெட் ஹெரிங்" என்பது கவனத்தைத் திசைதிருப்பும் செய்தி. உப்பிட்டுப் புகையூட்டிச் சிவந்த ஹெரிங் மீனைக் கொண்டு வேட்டைநாய்களின் மோப்பத்தைத் திருப்பியதாக ஆங்கிலப் பத்திரிகையாளர் வில்லியம் கொபெட் 1807இல் எழுதிய கதைதான் இந்த வழக்கைப் பரப்பியது. கூட்டங்களில் இதை அடிக்கடி கேட்பீர்கள்.

இவற்றை நீங்களும் பேச வேண்டும் என்ற அவசரம் இல்லை, கேட்டால் விளங்கினால் போதும். உங்கள் மேற்பார்வையாளர் கோரிக்கையை மறுக்கவில்லை, ஒத்திவைத்திருக்கிறார். எந்தெந்த நாளில் எந்த நேரம் வேண்டும் என்பதை எழுதி, அலுவல் குறைந்த ஒரு பொழுதில் அவர் கையிலேயே கொடுங்கள்.