வாசகர் கேள்வி–பதில்: நீளத்தை அளக்கும் தசை, இழுவையை அளக்கும் நாண்

டொக்டர் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் அசையவே இல்லை. விரல்களைக் கோத்து இழுக்கச் சொல்லிவிட்டு மறுபடி தட்டியதும் உதைத்தது. எனக்கு நரம்பில் ஏதும் கோளாறா?
(வாசகி, வெள்ளவத்தை)

இரண்டாம் முறை உதைத்துவிட்டது அல்லவா? பாதை வேலை செய்கிறது. சுகதேகிகள் பலருக்கும் தட்டியதும் தானாக உதைக்கும் இந்தத் தெறிவினை மந்தமாகத்தான் இருக்கும். இரண்டு காலும் ஒரே அளவில் மந்தமாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரு கால் உதைத்து மற்றது சும்மா இருந்தால்தான் டொக்டர் மேலும் தேடுவார்.

சுத்தியல் விழுவது முழங்காற் சில்லுக்குக் கீழே, தசையை எலும்போடு இணைக்கும் நாணில். ஆனால் பதில் வருவது தொடையின் முன்பக்கத் தசையிலிருந்து. நாண் ஒரு கணம் அமுங்க, தசை துளி நீள்கிறது. அந்தத் தசைக்குள் சாதாரண நார்களோடு பக்கம் பக்கமாகத் தசைக்கதிர்கள் கிடக்கின்றன. சில மில்லிமீற்றர் நீளம், நடு பருத்து இரு முனையும் ஒடுங்கிய, நூல் நூற்கும் கதிரின் வடிவம். நடுவில் ஒரு நரம்பின் நுனி சுருளாகச் சுற்றியிருக்கும். கதிர் நீண்டால் சுருள் விரியும், செய்தி கிளம்பும். அது இடுப்பு மட்டத்து நரம்புகள் வழியே முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணுக்குப் போய், ஒரேயொரு இணைப்பைக் கடந்து, அதே தசையைச் சுருக்கும் நரம்புக்குத் தாவுகிறது. அதே வேளையில் தொடையின் பின்பக்கத் தசைக்கு ‘நீ விடு’ என்று தடை போகிறது. இவ்வளவும் ஒரு செக்கனில் இருபதில் ஒரு பங்குக்குள் நடந்து முடிகிறது. மூளையைக் கேட்க நேரமில்லை.

விரலைக் கோத்து இழுப்பது ஏமாற்று வித்தை அல்ல. வேறிடத்தில் பலமாக முயற்சி செய்யும்போது தெறிவினை கூர்மையாகும். இழுப்பும் தட்டும் ஒரே கணத்தில் சேரவேண்டும். முன்கூட்டியே இழுத்துக் களைத்துப் போனால் பலன் குறையும்.

ஜிம் மாஸ்டர் சொல்கிறார்: 30 செக்கன் தசையை இழுத்துப் பிடித்தால் நாணில் உள்ள ‘பாதுகாப்புச் சுவிட்ச்’ விழுந்து தசை தளரும் என்று. சரியா?
(கொட்டாஞ்சேனை)

மாஸ்டர் சொல்வது பழைய பாடம். முப்பது செக்கன் கணக்கு சரி, காரணம்தான் பிழை.

அவர் சொல்லும் சுவிட்ச், இத்தாலிய மருத்துவர் கமில்லோ கொல்கி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விவரித்த தசைநாண் உறுப்பு. தசையும் நாணும் சேரும் இடத்தில் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் நீளத்தில் இருக்கும். கதிர் தசை நார்களுக்குப் பக்கத்தில் கிடப்பதால் நீளத்தை அளக்கிறது. இதுவோ நார்களுக்கும் நாணுக்கும் நடுவில் சங்கிலிக் கண்ணி போல நிற்பதால் இழுவையை அளக்கிறது. பின்னிய கயிறு போன்ற கொலாஜன் இழைகளுக்கிடையே நரம்பு நுனிகள் ஊடுருவியிருக்கும். தசை சுருங்கி இழுக்க, இழைகள் நேராகி நரம்பை நெரிக்கும். செய்தி அப்படித்தான் பிறக்கிறது.

ஆபத்தான பாரம் வந்தால் மட்டும் விழும் பியூஸ் என்று இதை ஒரு காலத்தில் நினைத்தார்கள். உண்மையில் சில நார்கள் மெல்லச் சுருங்கினாலே பேசத் தொடங்கிவிடும். மாறாக, தசையைச் சும்மா விட்டு வெளியிலிருந்து இழுத்தால் பெரிதாக அசையாது. நடக்கும்போது இதன் செய்தி தசையைத் தளர்த்தாமல், பாரம் தாங்கும் காலுக்கு இன்னும் பலம் சேர்க்கக்கூடும்.

அப்படியானால் பயிற்சியில் உடல் வளைவது எப்படி? முக்கியமாக, இழுவையின் அசௌகரியத்தைத் தாங்கும் அளவு கூடுகிறது. கெண்டைக்காலுக்கு என்றால் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதியை நிலத்தில் அழுத்தி, முழங்காலை மடக்காமல் முன்னே சாயுங்கள். 20 முதல் 30 செக்கன், இரண்டு மூன்று தடவை, வாரத்தில் இரண்டு மூன்று நாள். பின்பாதம் வெளியே திரும்பினால் இழுவை வேறிடத்துக்குப் போய்விடும். துள்ளித் துள்ளி இழுக்க வேண்டாம். கதிர் நீளத்தோடு வேகத்தையும் அளக்கும், வெடுக்கென்று இழுத்தால் தசை எதிர்த்துச் சுருங்கும். ஓட்டப் பந்தயத்துக்குச் சற்று முன் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் பலம் சிறிது குறையும். அந்த நேரத்தில் மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்குவதே மேல்.

101 பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறேன். போன வருடம் சுளுக்கிய அதே கணுக்கால் பிரேக் போடும்போது திரும்பத் திரும்பப் புரள்கிறது. என்ன செய்யலாம்?
(தெஹிவளை)

சுளுக்கில் மூட்டை இணைக்கும் நார் கிழியும்போது அந்த மூட்டிலிருந்து வரும் தகவலும் குழம்புகிறது. கணுக்கால் புரளும் வேகத்துக்குத் தெறிவினை பெரும்பாலும் பிந்திவிடும். ஆகவே தசை முன்கூட்டியே தயாராக நிற்கப் பழக வேண்டும்.

குசினி மேசைக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நில்லுங்கள். அந்தக் காலில் மட்டும் 30 செக்கன், மூன்று தடவை, தினமும். எளிதானால் தலையை இடமும் வலமும் திருப்புங்கள். பிறகு கண்ணை மூடுங்கள், அதற்குப் பிறகுதான் மடித்த துவாயின் மேல். விரல்களால் நிலத்தைப் பற்றிக்கொள்வதும் இடுப்பு ஒரு பக்கம் சரிவதும் பொதுவான பிழைகள். ஆறு கிழமையாவது விடாமல் செய்யுங்கள். வீக்கமோ, மூட்டு கழன்றுபோவது போன்ற உணர்வோ இருந்தால் முதலில் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். பஸ்ஸில் கால்களைப் பயணத் திசையில் முன்பின்னாக வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி நின்றால் பிரேக்கின் உதறல் குறையும்.

அப்பாவுக்கு நீண்டகாலமாக நீரிழிவு. பேசினில் முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறார். கண் பிரச்சினையா?
(பம்பலப்பிட்டி)

தள்ளாட்டம் கண்ணை மூடினால் மட்டும் என்றால், காலிலிருந்து வரும் செய்தி குறைந்து, இதுவரை கண் அதை ஈடுகட்டியிருக்கிறது என்றே சந்தேகிக்க வேண்டும். நீரிழிவு நரம்புகளைப் பாதிக்கும். மெட்போமின் மாத்திரை நெடுநாள் எடுத்தால் விற்றமின் பி12ஐக் குறைக்கக்கூடும், அதுவும் இதே குறியைத் தரும். இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

டொக்டர் காலின் பெருவிரலை மேலும் கீழும் அசைத்து ‘எந்தப் பக்கம்?’ என்று கேட்பார். விரலின் பக்கவாட்டுகளைத்தான் பிடிக்க வேண்டும். மேலும் கீழும் பிடித்தால் அழுத்தமே விடையைச் சொல்லிவிடும். இப்போதைக்கு முகத்தைக் கதிரையில் இருந்து கழுவட்டும். இரவில் குளியலறை வெளிச்சம் அணையக்கூடாது.

பாரிசவாதத்துக்குப் பின் அம்மாவின் கை மடங்கியே இருக்கிறது. விரிக்கப் போனால் எதிர்க்கிறது.
(மருதானை)

மூளையின் கட்டுப்பாடு குறைந்ததால் கதிரின் தெறிவினை மிகைப்பட்டிருக்கிறது. வேகமாக இழுத்தால் அது கூடும். முழங்கையை ஒரு கையால் தாங்கி மெல்ல நீட்டுங்கள். விரல்களுக்கு முதலில் மணிக்கட்டை உள்ளே மடக்குங்கள், விரல் நாண்கள் தொய்யும். பெருவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக விரித்து, கடைசியில் மணிக்கட்டை நிமிர்த்துங்கள். கையைப் பிடித்துத் தூக்க வேண்டாம், தோள் நழுவிவிடும்.

நிறைந்தது என்று நினைத்து வெறும் பெட்டியைத் தூக்கினால் அது ஏன் பறக்கிறது?
(பாடசாலை மாணவி, மட்டக்குளி)

பாரம் எவ்வளவு என்று மூளை முன்பே கணக்குப் போட்டுக் கட்டளை அனுப்பிவிடுகிறது. கதிரும் நாண் உறுப்பும் ‘பிழை’ என்று சொல்லும் முன் பெட்டி எழுந்துவிடும். இதைக் கையாலேயே பார்க்கலாம். முழங்கையை மடக்கி, இடது உள்ளங்கையில் தண்ணீர் நிறைந்த 1 லீற்றர் போத்தலை வைத்துக் கண்ணை மூடுங்கள். தோழி அதைச் சட்டென்று எடுத்தால் கை மேலே துள்ளும். நீங்களே வலது கையால் எடுத்தால் இடது கை அநேகமாக அசையாது, எடுக்கப் போவது அதற்கு முன்பே தெரியும். போத்தல் பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.