வாசகர் கேள்வி–பதில்: உலோகப் போர் விமான மாடல்கள்

கேள்வி: இரண்டாம் உலகப் போர் விமானங்களின் டை-காஸ்ட் (அச்சில் வார்த்த உலோக) மாடல்கள் சேர்க்கத் தொடங்கப் போகிறேன். 1/72 வாங்குவதா, 1/48 வாங்குவதா? வீட்டில் ஒரே ஒரு கண்ணாடி அலமாரிதான் இருக்கிறது. தட்டின் ஆழம் 30 செ.மீ.
– வாசகர், திருச்சி

பதில்: 1/72 வாங்குங்கள். அலமாரியை அளந்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள், அதுதான் சரியான வரிசை. நிஜ விமானத்தின் இறக்கை அகலத்தை 72ஆல் வகுத்தால் மாடலின் அளவு கிடைத்துவிடும். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் ஃபைட்டரின் இறக்கை 11.23 மீட்டர். அது 1/72இல் 15.6 செ.மீ., 1/48இல் 23.4 செ.மீ. ஃபைட்டர்கள் மட்டும் போதுமென்றால் 1/48கூட உங்கள் தட்டில் அடங்கும். ஆனால் இந்தக் காலகட்டத்தில் இறங்கியவர்களுக்குக் கொஞ்ச நாளில் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் மேல் கண் போகும். அதன் இறக்கை 31.09 மீட்டர். 1/72இலேயே 43 செ.மீ. வருகிறது, நீளமும் 29 செ.மீ.யைத் தாண்டும். மூக்கை முன்பக்கம் வைத்தால் கதவை ஒட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். 1/48 என்றால் அதற்கு 65 செ.மீ. தேவை.

இடம் போதவில்லை என்று குண்டுவீச்சு விமானத்தை மட்டும் 1/144இல் வாங்குபவர்கள் உண்டு. அப்படி வாங்கினால் வேறு தட்டில் வையுங்கள். 1/144 லங்காஸ்டர் 21.6 செ.மீ.தான். பக்கத்தில் 1/48 ஸ்பிட்ஃபயர் நின்றால் ஃபைட்டர் பெரிதாகவும் நான்கு எஞ்சின் விமானம் சிறிதாகவும் தெரியும். மாடல் கம்பெனிகளில் கார்கி, ஹாபி மாஸ்டர் இரண்டிலும் 1/72இல்தான் தேர்வு அதிகம். ஃப்ராங்க்ளின் மின்ட்டின் 1/48 ஆர்மர் வரிசையைப் பழைய சரக்கில்தான் தேட வேண்டும்.

கேள்வி: பழைய பொருள் விற்பவரிடம் ஒரு 1/72 ஸ்பிட்ஃபயர் பார்த்தேன். "1940 பிரிட்டன் வான்போர் விமானம்" என்கிறார். இறக்கையிலும் உடலிலும் கறுப்பு–வெள்ளைப் பட்டைகள் இருக்கின்றன. நம்பி வாங்கலாமா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: மாடல் நல்லதாக இருக்கலாம், அவர் சொல்லும் ஆண்டு தவறு. அந்தப் பட்டைகள் 1944 ஜூன் 6 நேச நாடுகளின் நார்மண்டி தரையிறக்கத்துக்காக, சொந்தப் படையே தங்கள் விமானங்களைச் சுட்டுவிடக் கூடாதென்று பூசப்பட்டவை. பிரிட்டன் வான்போர் 1940 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது.

பட்டைகளை ஸ்கேல் வைத்து அளந்தும் பாருங்கள். ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொரு பட்டையும் 18 அங்குலம், 1/72இல் 6.3 மி.மீ. வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என மொத்தம் ஐந்து. ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருந்தால் யாரோ பிற்பாடு தீட்டியதாகவும் இருக்கலாம். ஓரத்தை லென்ஸில் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சிட்ட பட்டையின் ஓரம் கூராக இருக்கும், பிரஷ் தடம் தெரியாது.

பட்டையே இல்லாத மாடலிலும் ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். முதலில் மேற்புற நிறம். 1940இல் பழுப்பும் பச்சையும். 1941 ஆகஸ்ட் முதல் பகல் ஃபைட்டர்களில் பழுப்பு போய்ச் சாம்பல் வந்தது. அடுத்து உடலின் பக்கவாட்டில் உள்ள வட்டச் சின்னம். 1940இல் வெளி மஞ்சள் வளையம் அகலமாக இருக்கும். 1942 நடுவிலிருந்து மஞ்சளும் வெள்ளையும் மெல்லிய கோடாகிவிடுகின்றன. பிறகு மாடலைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். 1940இல் பறந்த ஸ்பிட்ஃபயர் வகையான மார்க் 1இல் விமானி அமர்ந்த நிலையில் வலது இறக்கையின் கீழ் மட்டும் செவ்வக ரேடியேட்டர், இடதில் மெலிந்த ஆயில் கூலர். பிற்கால வகையான மார்க் 9இல் இரண்டு பக்கமும் ஒரே பருமன். புரொப்பெல்லர் பிளேடும் மார்க் 9இல் நான்கு, மார்க் 1இல் மூன்றுக்கு மேல் கிடையாது. எக்ஸாஸ்ட் குழாய் ஒரு பக்கத்துக்கு மார்க் 9இல் ஆறு, மார்க் 1இல் மூன்று.

இவ்வளவு பார்க்கக் காரணம் உண்டு. எஃகு அச்சு வெட்டும் செலவு அதிகம் என்பதால் கம்பெனிகள் ஒரே அச்சில் வார்த்து, பெயின்டை மட்டும் மாற்றிப் பல பதிப்புகள் விடுகின்றன. பெயின்டுக்கும் உடலுக்கும் பொருந்தாத மாடல்கள் அப்படித்தான் வருகின்றன. லங்காஸ்டரிலும் இதைச் சோதியுங்கள். 1943 மே மாதம் ஜெர்மானிய அணைகளைத் தாக்கிய பிரிட்டனின் 617 ஸ்குவாட்ரன் லங்காஸ்டர்களில் முதுகு டரட்டையும் (சுழலும் துப்பாக்கிக் கூண்டு) குண்டறைக் கதவுகளையும் கழற்றிவிட்டார்கள். அந்தத் தாக்குதலின் தலைவர் கிப்சன் ஓட்டிய விமானத்தின் ஏஜே-ஜி எழுத்துகளோடு முதுகு டரட்டும் இருக்கும் மாடலுக்கு அதிக விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: தாத்தா வைத்திருந்த டிங்கி பிராண்டு பொம்மை விமானம், போருக்கு முந்தையது. இறக்கை தொங்குகிறது, பெயின்டுக்கு அடியில் வலைபோல் விரிசல். மற்ற மாடல்களுக்கும் பரவுமா? சரிசெய்ய முடியுமா?
– வாசகர், சென்னை

பதில்: பரவாது. சரிசெய்யவும் முடியாது. சேகரிப்பாளர்கள் இதை ஸிங்க் பெஸ்ட் என்பார்கள். துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம் சேர்த்த ஜமாக் என்ற கலவையில்தான் இன்றுவரை டை-காஸ்ட் மாடல்களை வார்க்கிறார்கள். இந்தக் கலவையில் ஈயம் 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெள்ளீயமும் காட்மியமும் அதற்கும் குறைவாக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அத்தனை சுத்தமாக வார்க்கவில்லை. ஈயம் கலந்த பழைய துண்டுகள் உருக்கு உலையில் விழுந்திருந்தாலே போதும். மாசு உலோகத் துகள்களின் இடுக்குகளில் போய்த் தங்கும், வெப்பமும் ஈரமும் பட்டதும் இடுக்கு அரிக்கும், அரித்த இடம் உப்பும். உலோகமே பெருப்பதால்தான் இறக்கை வளைகிறது.

ஆனால் எல்லா வெள்ளைப் பூச்சும், எல்லாக் கொப்புளமும் இதுவல்ல. சக்கரக் குழி போன்ற மறைவான இடத்தில் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். பெயின்ட் மட்டும் உரிந்து அடியில் உலோகம் கெட்டியாக இருந்தால் அது பெயின்ட் கோளாறு. சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தால் பெஸ்ட்.

பெஸ்ட் என்றால் செய்யக்கூடியது வேகத்தைக் குறைப்பதுதான். விமானத்தை இறக்கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், உடலுக்கு அடியில் கைகொடுங்கள். பெயின்டை உரித்துப் புதிதாக அடிக்கும் யோசனையைக் கைவிடுங்கள், உரிக்கும்போதே துண்டாகிவிடும். சென்னைக் காற்றில் திறந்த தட்டு ஆகாது. மூடி இறுகும் 30 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, 100 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சிறிய ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதமானி). ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். ஆரஞ்சு ஜெல் பச்சையாக மாறியதும் மின் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். புது பிளைவுட், எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) அலமாரி வேண்டாம். அவை விடும் அமில ஆவி துத்தநாகத்தை அரிக்கும். பபிள் ராப்பைப் பெயின்ட் மேல் நேராகச் சுற்றவும் வேண்டாம், கோடையில் குமிழ்த்தடம் பதிந்துவிடும்.

கேள்வி: 1/72 சுகோய் மாடலில் லேண்டிங் கியர் (சக்கரக் கால்) துளைக்குள் போகவே மறுக்கிறது. அழுத்தினால் வளைகிறது.
– வாசகர், மதுரை

பதில்: அழுத்தாதீர்கள். துளைக்குள் பெயின்ட் தேங்கித் தடித்திருக்கும். பல்குச்சி முனையால் அல்லது கையால் சுழற்றும் மெல்லிய டிரில் பிட்டால் துளையைச் சுரண்டிவிட்டு, கியரின் முளையை உலர்ந்த நிலையில் பொருத்திப் பாருங்கள். இடது, வலது கியர்கள் மாறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள், பாதிப் பேருக்கு அதுதான் கோளாறு. கியர் மென்மையான பிளாஸ்டிக்காக இருந்து வளைந்திருந்தால் 60 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் போட்டு, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் முக்குங்கள். இவ்வளவு கனமான மாடலை வருஷக்கணக்கில் கால்களில் நிறுத்தினால் கால் சரியும். ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஸ்டாண்டின் பிடி உடலைத் தொடும் இடத்தில், குழாய் மூட்டுக்குச் சுற்றும் டெஃப்ளான் டேப்பை ஒரு சுற்று சுற்றினால் பெயின்டில் தடம் விழாது.

கேள்வி: கழன்ற கேனபியை (விமானி அறையின் கண்ணாடி மூடி) ஃபெவிகுவிக் போட்டு ஒட்டினேன். கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் புகை படிந்துவிட்டது.
– வாசகர், கோவை

பதில்: அந்தப் பசையின் ஆவி கண்ணாடியில் இருக்கும் ஈரத்தைத் தொட்டதும் இறுகிப் படிகிறது. வெளிப்புறப் படலம் பிளாஸ்டிக் பாலிஷும் பஞ்சுக் குச்சியும் கொண்டு தேய்த்தால் போகும். உட்புறத்துக்குக் கேனபியைக் கழற்றியாக வேண்டும். திரும்ப ஒட்டும்போது வெள்ளை ஃபெவிகாலை ஊசிமுனை அளவு தொட்டு ஓரத்தில் வைத்து, ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். காய்ந்தால் நிறமில்லாமல் போகும், பிசகினால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.