ஷார்ஜாவுக்குக் குடும்பத்தை இப்போதே அழைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: என் ஊர் பெரியபட்டினம். எட்டு ஆண்டுகளாக ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். சம்பளம் 5,500 திர்ஹம். அதில் அடிப்படைச் சம்பளம் 3,000. மனைவி, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், ஐந்து வயது மகன் ஆகியோரை அழைத்துக்கொள்ள விரும்புகிறேன். பார்த்திருக்கும் வீட்டுக்கு ஆண்டு வாடகை 28,000 திர்ஹம். இரு பிள்ளைகளின் பள்ளிக்கும் பஸ்ஸுக்கும் 15,000. ஊரில் 4 லட்சம் ரூபாய் நகைக் கடனும், சேமிப்புக் கணக்கில் 6 லட்சமும் உள்ளன. அம்மாவுக்கும் மாதந்தோறும் பணம் அனுப்ப வேண்டும்.

பதில்: கீழக்கரையிலிருந்து தொண்டி வரை, சபர் (பிழைப்புக்காக வெளிநாடு) போன தந்தையை விடுமுறையில் மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். ஆகவே உங்கள் விருப்பம் முழுக்க நியாயமானது. ஆனால் இந்த ஆண்டு வேண்டாம் என்பதே என் கருத்து.

குடும்ப விசாவுக்கு அமீரகம் கேட்கும் குறைந்தபட்சச் சம்பளம் 4,000 திர்ஹம். அந்தத் தகுதி உங்களுக்கு உண்டு. எனினும் விசா கிடைப்பது வேறு, குடித்தனம் நடப்பது வேறு. ஆண்டு வருமானம் 66,000 திர்ஹத்தில் வாடகையும் பள்ளியும் 43,000 போக, எஞ்சும் 23,000, அதாவது மாதம் 1,900 அளவில், சாப்பாடு, மின்சாரம், மருத்துவக் காப்பீடு, அம்மாவுக்கான பணம் அனைத்தும் அடங்க வேண்டும். சேமிக்க எதுவும் மிஞ்சாது. வாடகைக்குப் பின்தேதியிட்ட காசோலைகளையே பெரும்பாலும் கேட்பார்கள் என்பதால், ஒரு மாதம் சம்பளம் தாமதமானாலும் காசோலை திரும்பிவிடும். அங்கே எத்தனை ஆண்டு உழைத்தாலும் அதனாலேயே நிரந்தரக் குடியுரிமை வந்துவிடாது. உங்கள் வேலை போனால் குடும்பத்தின் விசாவும் நிலைக்காது.

பணிக்கொடையை நம்பி இறங்க வேண்டாம். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள், அதன் பின் 30 நாள் என அடிப்படைச் சம்பளத்தின் மீதே அது கணக்கிடப்படுகிறது. உங்களுக்கு இன்றைய நிலையில் ஏறத்தாழ 19,500 திர்ஹம் வரும். அதுவும் வேலையை விட்டு விலகும்போதுதான்.

முதலில் 6 லட்சத்திலிருந்து நகையை மீட்டுவிடுங்கள். நகைக் கடன் வட்டியை எந்தச் சேமிப்புக் கணக்கின் வட்டியாலும் ஈடுகட்ட முடியாது. நீங்கள் வெளிநாட்டில் வசிப்பதால் ஊரிலுள்ள சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாடு வாழ் இந்தியரின் உள்நாட்டுப் பணத்துக்கான) கணக்காக மாற்ற வேண்டும். இனி அனுப்பும் பணத்தை என்ஆர்இ (வெளிநாட்டில் ஈட்டிய பணத்துக்கான) வைப்பில் போடுங்கள்; அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை, ஆனால் ஓராண்டுக்கு முன் எடுத்தால் வட்டியே கிடைக்காது. ஆறு மாதக் குடும்பச் செலவு அதில் சேரும்வரை காத்திருங்கள்.

மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ஊரிலேயே எழுதட்டும். இடையில் பாடத்திட்டம் மாறுவது அவளுக்குப் பெரும் சுமை. திருமணமாகாத மகளுக்கு விசா வயது வரம்பும் இல்லை. மகனை மட்டும் முன்னதாக அழைத்து, அக்காவையும் தம்பியையும் பிரிப்பதை நான் விரும்பவில்லை. அதுவரை கோடை விடுமுறையில் சுற்றுலா விசாவில் எல்லோரையும் வரவழைத்து, ஒரு மாதச் செலவை எழுதி வையுங்கள். மேலே சொன்ன கணக்கைவிட அந்தக் குறிப்பு உங்களுக்கு அதிகம் உதவும்.

ஆவண வேலையை மட்டும் இன்றே தொடங்குங்கள். ஜமாஅத் பதிவேட்டில் இருப்பது போதாது. சார்பதிவாளர் அலுவலகத்துத் திருமணச் சான்றிதழ் வேண்டும். அதிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே சான்றொப்பத்துக்கு (ஆவணம் உண்மையானது என்ற அரசு உறுதிப்பாட்டுக்கு) அனுப்புங்கள்.