முக்திநாத் போக ஆளுக்கு 65,000 ரூபாய் தேவையா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எனக்கு 44 வயது. மனைவி, 67 வயது அம்மா இருவரையும் அழைத்துக்கொண்டு நேபாளத்தில் முக்திநாத் போய்வர ஆசை. ஏஜென்ட் ஆளுக்கு 65,000 ரூபாய் கேட்கிறார். வெளிநாட்டவருக்கு அங்கே எல்லாமே டாலர் கட்டணம், கைடு கட்டாயம் என்கிறார். நாங்களே குறைந்த செலவில் போய்வர முடியாதா?"

முடியும். நேபாளத்தில் நீங்கள் வெளிநாட்டவர்தான். ஆனால் டாலர் கட்டணம் கட்ட வேண்டிய வெளிநாட்டவர் அல்ல. இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியாத வரைக்கும்தான் தரகர்களுக்குப் பிழைப்பு.

இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. முக்திநாத் இருக்கும் அன்னபூர்ணா இயற்கைப் பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைய தெற்காசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய், நமக்கு 1,000. நம் பணத்தில் 625 ரூபாய்தான். முக்திநாத்துக்குக் கிளம்பும் போகரா நகரில், சுற்றுலா அலுவலகத்தில் இருக்கும் பர்மிட் கவுன்ட்டரில் நீங்களே நேரில் போய் வாங்குங்கள். தரகர் 3,000 கணக்கில் வசூலித்து, 1,000 கட்டிவிட்டு, மீதியைப் பையில் போட்டுக்கொள்வார். உள்நாட்டு விமானத்திலும் நேபாளிகளுக்கு ஒரு கட்டணம், இந்தியருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு டாலரில் ஒன்று. டிக்கெட் எடுக்கும்போது "இந்தியருக்கான கட்டணம் எவ்வளவு?" என்றே கேளுங்கள்.

கைடு விஷயம். 2023 ஏப்ரலில் வந்த விதி, மலைப்பாதையில் நாள்கணக்கில் நடக்கும் வெளிநாட்டவருக்கானது. ஜீப்பில் போய்க் கும்பிட்டுத் திரும்பும் உங்களுக்கு அது பொருந்தாது. இதை ஒரு பலகையில் எழுதி எல்லையிலேயே மாட்டினால் எத்தனையோ பேரின் பணம் மிஞ்சும். எழுத மாட்டார்கள்.

இனி அடையாள அட்டை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், விமான நிலையத்தில் நம்மவர்கள் மாட்டிக்கொண்டு நிற்பது இதில்தான். உங்களுக்கும் மனைவிக்கும் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதாரை நம்பிக் கிளம்பாதீர்கள். அம்மாவுக்கு மட்டும் ஆதார் போதும், ஏனென்றால் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் அதை 2019-இல் ஏற்றுக்கொண்டார்கள். 64 என்றால் ஆகாது. ஆதாரில் வெறும் பிறந்த ஆண்டு மட்டும் அச்சாகியிருந்தால், வயதை நிரூபிக்க இன்னொரு அட்டையையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். வாக்காளர் அட்டையில் பெயரோ படமோ அழிந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். ஜெராக்ஸ் வேண்டாம், அசல் வேண்டும். சிம் கார்டு முதல் சிலிண்டர் வரை எல்லாவற்றுக்கும் ஆதாரைக் கேட்கிற அரசு, பக்கத்து நாட்டுக்குப் போகும்போது மட்டும் அது செல்லாது என்று சொன்னால் சாதாரண மனிதன் என்னதான் செய்வான்?

குறைந்த செலவு என்றால் ரயில்தான். கோவை, சேலம், சென்னை வழியாக ரப்திசாகர் எக்ஸ்பிரஸ் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் வரை போகிறது. அங்கிருந்து அரசு பஸ்ஸில் மூன்று மணி நேரத்தில் சுனௌலி எல்லை. எல்லையை நடந்தே கடக்கலாம்.

கோரக்பூர் ஸ்டேஷன் வாசலில் உங்கள் மூட்டைகளைப் பார்த்ததுமே ஒருவர் வருவார். "போகராவா, காட்மாண்டுவா?" சொகுசு பஸ்ஸின் படத்தைக் காட்டி, நேராகப் போகும் டிக்கெட் என்று ஒரு மஞ்சள் சீட்டை எழுதித் தருவார். எல்லை வரைக்கும் ஒரு ஷேர் ஜீப்பில் ஏற்றிவிடுவார். அந்தப் பக்கம் போய் நின்றால் சீட்டில் இருக்கும் பெயரில் பஸ்ஸே இருக்காது. இருந்தாலும் நடத்துனர், "இது எங்கள் சீட்டு இல்லை" என்று கையை விரிப்பார். எனவே எல்லைக்கு இந்தப் பக்கம் நேபாள பஸ்ஸுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். கடந்த பிறகு ரிக்‌ஷா பிடித்து பைரஹவா பஸ் நிலையம் போய், வண்டியைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். போகரா போகும் பகல் பஸ்ஸில் ஏறுங்கள், அங்கிருந்து முக்திநாத்துக்கு ஜீப்.

பணம் மாற்றும் இடத்திலும் இதே கதைதான். நம் 100 ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது 1993 முதல் மாறாத விகிதம். "இன்று ரேட் குறைவு" என்று 150 நீட்டினால் அது பொய். நம் நூறு ரூபாய் நோட்டுகளாகக் கொண்டுபோங்கள். போகராவில் பல கடைகளில் யுபிஐயும் எடுக்கிறார்கள்.

அப்புறம் அம்மா. என் பெரிய கவலை இதுதான். போகரா 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். செலவைக் குறைக்க ஒரே நாளில் ஏற்றி இறக்கும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். 67 வயதில் அது ஆபத்து. போகும் வழியில் மார்பாவிலோ ஜோம்சோமிலோ ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலையில் மேலே போங்கள். ராத்திரிச் சாப்பாட்டையும் காலைச் சாப்பாட்டையும் அங்கேயே சாப்பிடுவதாகச் சொன்னால் லாட்ஜில் அறை வாடகையைக் குறைப்பார்கள். தால் பாத் கேளுங்கள். சோறும் பருப்பும் மறுபடி மறுபடி போடுவார்கள். கிளம்பும் முன் அம்மாவை ஓர் இதய மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மேலே தலைவலியும் வாந்தியும் வந்தால் தரிசனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், உடனே கீழே இறக்கிவிடுங்கள்.

ஜீப் கோயிலுக்குக் கீழே இருக்கும் ராணிபௌவா என்ற ஊர் வரை போகும். கோயிலுக்கு மேலும் கொஞ்ச தூரம் ஏற வேண்டும். அம்மாவுக்குக் குதிரை பேசிக்கொள்ளலாம். இது 108 திவ்ய தேசங்களில் ஒன்று என்பதால் நம்மவர்களைப் பார்த்ததும் ஸ்பெஷல் தரிசனம், ஸ்பெஷல் பூஜை என்று வருவார்கள். டிக்கெட் எதுவும் இல்லாமலே சுவாமியைப் பார்க்கலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை போகாதீர்கள், மண்சரிவுக் காலம். 2024 ஜூலையில் இரண்டு பஸ்கள் மண்ணோடு திரிசூலி ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டன. அக்டோபர், நவம்பர் நல்லது. போகரா–ஜோம்சோம் விமானம் காலையில் மட்டும்தான். நேரம் ஏற ஏறக் காற்று பலமாகிவிடும், அன்றைக்கு ரத்தானால் ரத்துதான். ஆகவே கோரக்பூரில் திரும்பும் ரயிலுக்கு இரண்டு நாள் இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கள்.